பட்டாணி அளவு பேஸ்ட்

ஃபோன் இன்னும் அடிக்கவில்லை. அடிக்காதுதான். மத்தியானம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொல்லித்தான் அனுப்பினாள், காலையில்தான் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சைக்கூட நான் இன்னும் பிய்க்கவில்லை, இருந்தாலும் ஃபோனைத் திருப்பிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை, கவிழ்த்து வைக்கிறேன். அவர்களிடம் முதலில் கொடுத்தது என் கணவன் பூபதியின் நம்பர்தான். ஆனால் காலையில் கிளம்பும்போது என் நம்பரையும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன், எனக்கே கூப்பிடுங்கள், அவர் மீட்டிங்கில் இருப்பார் என்று. கூப்பிட்டு என்ன சொல்வார்கள். உள்ளே வைத்த கரு பதிந்திருக்கிறது என்பார்கள், இல்லாவிட்டால் பதியவில்லை என்பார்கள். நடுவில் எதுவும் கிடையாது. அதுவரைக்கும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, நல்ல வேலை, கைக்கும் மூளைக்கும் தீனி போடுகிற வேலை. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது, பக்கத்தில் மூன்று டியூப் பேஸ்ட். மூன்றும் ஊசி போடுகிற சிரிஞ்சு வடிவத்தில் இருக்கின்றன. இதைச் செய்கிறவர்களுக்கு வேறு டப்பாவே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது, வாரக்கணக்கில் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டவளுக்கு இதைப் பார்த்ததும் தொப்புளுக்குப் பக்கத்தில் தானாகச் சுருக்கென்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய கேள்வி. அதை மட்டும் யோசிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மற்றவர்கள் லீவு கிடைத்தால் ஊட்டிக்குப் போவார்கள். நானும் பூபதியும் கம்ப்யூட்டருக்கு மூளையான ப்ராசசரை ஓட விட்டுப் பார்ப்போம். கம்பெனிக்காரன் இவ்வளவு வேகம் போதும் என்று நிர்ணயித்து அனுப்பியதை, ஏன் போதும், யார் சொன்னது என்று கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றிக்கொண்டே போவது, அதற்குப் பெயர் ஓவர்க்ளாக். ஏற்ற ஏற்றச் சூடு கூடும். சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது பட்டென்று அணைந்துவிடும். எங்களுடையது ஒரு மாதமாக அப்படித்தான் அணைகிறது, ஏனென்றால் ப்ராசசருக்கும், அதன் சூட்டை இழுத்துக்கொள்ள மேலே உட்கார்ந்திருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் இன்னும் சூடாக்க வேண்டும், அதுதான் இதில் வேடிக்கை. குளிர்ந்து கிடக்கும்போது கூலரை இழுத்தால் காய்ந்த பேஸ்ட் விடாது, ப்ராசசரும் சேர்ந்து பெயர்ந்து வந்து ஊசி ஊசியான அதன் கால்கள் மடங்கிப்போகும். அதனால் கனமான ஒரு கணக்கைக் கொடுத்து ஓட விட்டிருக்கிறேன், ஃபேன் மிக்சி மாதிரி கத்துகிறது, சூடேறிப் பேஸ்ட் இளகட்டும் என்று காத்திருக்கிறேன். சூடு என்றதும் அத்தை ஞாபகம். பூபதியின் அம்மா, பெருந்துறையிலிருந்து தினமும் கூப்பிடுகிறார். உடம்பைச் சூடாக்காதே, பப்பாளி, எள்ளு பக்கம் போகாதே, மாடி ஏறாதே. நேற்று கடைசியாக, "எதுக்கும் ரொம்ப ரோசனை பண்ணாத சாமி, ரோசனை பண்ணுனாலும் சூடுதான்" என்றார். யோசிக்காமல் இரு என்று யாராவது சொன்னால் எனக்கு யோசனை இரண்டு மடங்காகும், ஆனால் அவர் சொன்னது இந்த மேஜையில் கிடப்பதற்கு அப்படியே பொருந்துகிறது, அதிகம் யோசித்தால் சூடு, அத்தைக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

போதும், அணைத்துவிட்டேன். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, கூலரை நேராகத் தூக்காமல் மெல்ல இடமும் வலமும் திருகுகிறேன், பிடி விடுகிறது, கையில் வந்துவிட்டது. பழைய பேஸ்ட் காய்ந்த சேறு போல வெடித்துக் கிடக்கிறது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைக்கிறேன், ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதும் வீடு காணாமல் போகிறது, காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறேன், ஏசி குளிர், டாக்டரம்மா எனக்குப் பக்கத்திலிருந்த திரையைக் காட்டி, பாருங்க, அந்த வெள்ளையா இருக்கே, அதுதான் என்கிறார். சாம்பல் நிறத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. உண்மையில் அது கருவே இல்லையாம், கருவைச் சுமந்துகொண்டு போகிற துளியின் பளபளப்பாம், கரு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாம். இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அந்த நிலையிலும் கேட்டேன், டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமாட்டில் நின்ற பூபதி ஒன்றுமே கேட்கவில்லை. துடைத்த இடம் பளபளவென்று என் முகத்தைக் காட்டுகிறது, மூக்கு மட்டும் பெரிதாக.

பளபளப்பை நம்பக்கூடாது. இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ப்ராசசரின் மேல்தகடும் கூலரின் அடித்தகடும் கண்ணாடி போல இருந்தாலும் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் மேடும் பள்ளமும்தான், ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், பள்ளமெல்லாம் காற்று. காற்று சூட்டைக் கடத்தாது. அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். பேஸ்ட் ஒன்றும் உசத்தி கிடையாது, உலோகத்தோடு ஒப்பிட்டால் அது மட்டமான கடத்திதான், ஆனால் காற்றைவிட மேல். அதனால்தான் குறைவாகப் போட வேண்டும், பள்ளம் நிரம்புகிற அளவுக்கு மட்டும். இந்த இரண்டு வாரமாக எனக்கும் பூபதிக்கும் நடுவில் நிறைய பேஸ்ட் போட்டாயிற்று. பெட்ரோல் பங்க் க்யூ, ஆபீசில் எவனோ ராஜினாமா, புதுக் குக்கர் விசில் வராதது, எல்லாம் பேசுகிறான், இது ஒன்றைத் தவிர. உனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இல்லையா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். தெரியும்போது தெரியும் என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. கணபதி ஏரியாவில் ஒரு பம்பு கம்பெனியில் எனக்கு வேலை, பரிசோதனைக் கூடத்தில், ஒரு பம்பை ஓட விட்டு எப்போது எதனால் கெடுகிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம், தெரியும்போது தெரியும் என்று நான் அங்கே சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் கல்யாணமே இதில் வந்த சண்டையால்தான். ஓவர்க்ளாக் பைத்தியங்கள் தமிழில் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு குழு இருந்தது, எல்லாம் பையன்கள், டூத்பேஸ்ட் தடவிப் பார்த்தவன், வெண்ணெய் தடவிப் பார்த்தவன், விபூதியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டு ப்ராசசர் அரை மணி நேரம் பக்தியோடு ஓடியது என்று எழுதியவன். அங்கே நான் என் வழக்கத்தை எழுதினேன். நடுவில் பட்டாணி அளவு வைப்பேன், கூலரை வைத்து அழுத்துவேன், பிறகு தூக்கிப் பார்ப்பேன், எவ்வளவு பரவியிருக்கிறது என்று. எல்லா மூலைக்கும் போயிருந்தால் திருப்தி. இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. தூக்கிவிட்டால் அதே பேஸ்ட் மேல் திரும்ப வைக்கக்கூடாது, நடுவில் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும், நன்றாகப் பரவியதும் வீணாகிவிடும், துடைத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். எனக்கும் தெரியும், தெரிந்தேதான் தூக்குவேன், பார்க்காமல் எப்படி நம்புவது. அதற்குக் கீழே பூபதி என்று ஒருத்தன் எழுதினான், நீங்கள் பேஸ்ட் போடவில்லை, விசாரணை நடத்துகிறீர்கள் என்று. அதில் ஆரம்பித்தது. அவன் ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. பட்டாணி அளவு வைப்பான், அழுத்துவான், குறுக்கும் நெடுக்குமாக ஸ்க்ரூ முடுக்குவான், கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான், டீ குடிக்கப் போய்விடுவான். அந்த மனுஷனோடுதான் ஏழெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

போன தடவை நான் தூக்கிப் பார்த்தேன். இதை வேறு எப்படிச் சொல்வது. முதல் முறை கரு வைத்தபோது, ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் வீட்டில் எதுவும் பார்க்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், நான் மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கிற கிட் வாங்கிப் பார்த்தேன், மெலிசாக இரண்டாவது கோடு வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இருந்தது, நேராகப் பார்த்தால் இல்லை, பூபதியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவனும் சாய்த்துப் பார்த்தான், இருக்கு என்றான், அத்தைக்குச் சொல்லிவிட்டோம். பிறகு ரத்தத்தில் வந்த கர்ப்ப ஹார்மோன் எண் சின்னதாக இருந்தது, அடுத்த முறை எடுத்தபோது இன்னும் சின்னது, அதற்கடுத்து ஒன்றுமே இல்லை. பார்த்ததால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் நானே சிரிப்பேன், ஒரு துண்டு காகிதத்தில் கோடு பார்ப்பதற்கும் உள்ளே நடப்பதற்கும் என்ன சம்பந்தம். சம்பந்தம் இல்லை. இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன், ஆயிரம் தடவை சொல்ல வேண்டியிருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தடவையும் ஒரு கிட் வாங்கி வைத்திருக்கிறேன், குளியலறை அலமாரியில், நாப்கின் பாக்கெட்டுக்குப் பின்னால். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். பிரிக்கவில்லை. நான் என் வாழ்க்கையில் பிரித்துப் பார்க்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

சரி, டியூப்புக்கு வருவோம். முதலாவது கூலரோடு இலவசமாக வந்தது, சாதாரணம், பரவாயில்லை ரகம், டூத்பேஸ்ட் மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கும், சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு மாதமாக மானத்தை வாங்கியது இதே வகைதான். இரண்டாவது கார்பன் கலந்தது, கெட்டி, மின்சாரம் கடத்தாது, ஓரத்தில் வழிந்தாலும் ஆபத்தில்லை, வருஷக்கணக்கில் நிற்கும். மூன்றாவதுதான் என் கண்ணைப் பறிப்பது, திரவ உலோகம், வெள்ளி போல இருக்கிறது, பேஸ்ட் என்றே சொல்ல முடியாது, சிரிஞ்சைச் சாய்த்தால் உள்ளே ஓடுகிறது. காந்திபுரத்தில் இதைக் கேட்டபோது கடைக்காரர் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார், சாருக்குங்களா என்றார். எனக்குத்தான் என்றதும், பாத்துங்க மேடம், இது ராங்கு புடிச்சது என்று ஒரு பாடம் எடுத்தார், அவர் சொன்னதில் பாதி எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் முழுவதும் கேட்டேன், கேட்க நன்றாக இருந்தது. சூட்டை இது கடத்துவது போல எதுவும் கடத்தாது. ஆனால் ஒரு சொட்டு வெளியே ஓடினால் போர்டு மொத்தமும் காலி. அலுமினியத்தில் பட்டால் அதைத் தின்றுவிடும். ஒரு தடவை சமையலறைப் பேப்பரில், அந்த அலுமினியத் தாளில், ஒரு துளி விட்டு வைத்துப் பார்த்தேன், மறுநாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது, அதை அரை நாள் பூபதியிடம் காட்டிக்கொண்டே திரிந்தேன். எங்கள் கூலரின் அடித்தகடு செம்பு. செம்பைத் தின்னாது. ஆனால் செம்புக்குள் ஊறிக் கறையாகிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அதற்கப்புறம் அந்தத் தகடு பழைய தகடு இல்லை.

எவ்வளவு சூடு குறையும் என்று பார்க்க ஆசை, ரொம்ப ஆசை, சிரிஞ்சை எடுத்து மூடியைத் திருகக்கூடச் செய்துவிட்டேன். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். என்ன தயக்கம். சொட்டுகிற பயமா. என் கை நடுங்காது, அது எனக்குத் தெரியும். துடைக்க முடியாதது என்பதுதான் தொந்தரவு செய்கிறது. போட்டது சரியாக வராவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், போட முடிய வேண்டும், தகடு முதலில் இருந்ததுபோலவே இருக்க வேண்டும். உடம்பு அப்படி இருக்குமா, ஒவ்வொரு தடவைக்கும் பிறகு முதலில் இருந்ததுபோல. டாக்டரம்மா இருக்கும் என்றார். நான் கேட்டேன், அதையும் கேட்டேன். மூடியை மறுபடி திருகி மூடி, மூன்றாவதை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டேன். கார்பன். கெட்டியாக இருந்தாலும் நம்பகமானது, துடைத்தால் போகக்கூடியது.

இப்போது நடுவில் வைக்கிறேன். சிரிஞ்சை மெல்ல அழுத்த, சாம்பல் நிறத்தில் மொட்டுப் போல வந்து உட்காருகிறது, பட்டாணி அளவு, பச்சைப் பட்டாணியா காய்ந்த பட்டாணியா என்று குழுவில் இரண்டு நாள் அடித்துக்கொண்டோம், இது காய்ந்த பட்டாணி. கூலரை நேராக இறக்குகிறேன். ஒரு தடவைதான் வைக்க வேண்டும், நகர்த்தக்கூடாது. அழுத்துகிறேன். உள்ளங்கைக்குக் கீழே அது நசுங்கி நான்கு பக்கமும் போவதை உணர்கிற மாதிரி இருக்கிறது, உணர முடியாது, கற்பனைதான். குறுக்காக ஒரு ஸ்க்ரூ, எதிர்மூலையில் ஒன்று, மறுபடி இந்தப் பக்கம், எல்லாவற்றையும் பாதி பாதியாக முடுக்கி, பிறகு முழுசாக. முடிந்தது. இப்போது உள்ளே என்ன நடந்திருக்கிறது. ஒரு மூலை காலியாக இருக்குமோ. கெட்டி ரகம், பரவாமல் நடுவிலேயே நின்றிருக்குமோ. கொஞ்சம் கூட வைத்திருக்கலாமோ. கை தானாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டது, எடுத்த கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே வைக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி. குளியலறைக் கதவு திறந்துதான் கிடக்கிறது. ஃபோனைத் திருப்பிப் பார்க்கிறேன். இன்றைக்கு எதையும் தூக்கிப் பார்ப்பதில்லை. அப்போதுதான் ஒன்று உறைக்கிறது, இந்தக் கம்ப்யூட்டர் கேபினெட் எப்படி மேஜை மேல் வந்தது. கனம் தூக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்டவன், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்தவன், போவதற்கு முன்னால் இதைத் தூக்கி மேஜையில் படுக்க வைத்து, பக்கத்தில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு இன்றைக்குக் கைக்கு வேலை வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கீழே வண்டிச் சத்தம். எங்கள் வண்டிதான், சைடு ஸ்டாண்டு போடும்போது வரும் அந்தக் கிறீச். மத்தியானத்தில் அவன் வந்ததே இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஷூவோடு உள்ளே வருகிறான், வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஜோடியாக வைக்கிறவன். மீட்டிங் முடிந்ததா என்று கேட்கிறேன். ம் என்கிறான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கூலரைப் பார்க்கிறான், ரொம்ப நேரம் பார்க்கிறான், எந்த பேஸ்ட் என்கிறான், கார்பன் என்கிறேன், நல்லது என்கிறான்.

"ஸ்க்ரூ முடுக்கிட்டியா?"

"முடுக்கிட்டேன். தூக்கிப் பாக்கல, பயப்படாத."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"தூக்கிப் பாரு, சுகந்தி."

எனக்கு விளங்கவில்லை. வீணாகிவிடுமே என்றேன், நீயா சொல்கிறாய் என்றேன், என் வாய் சிரித்துக்கொண்டே இருந்தது.

"வீணானாப் போகுது. தொடச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து போடலாம். பேஸ்ட்தான் இருக்கில்ல."

அவனுடைய ஃபோன் சட்டைப் பையில் இருந்தது. அவன் கை அதன் மேல் இருந்தது, யாரும் பிடுங்கிவிடாமல் பொத்திக்கொள்கிற மாதிரி. எனக்குக் கூப்பிடச் சொன்னதை அந்தப் பெண் மறந்துவிட்டாள், இல்லை, இந்தச் செய்தியை இவனிடம் சொல்வதுதான் சுலபம் என்று நினைத்திருக்கிறாள். சிரிப்பு என் முகத்திலேயே நின்றுவிட்டது, அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. பதியலையா என்று கேட்டேன். ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான். ஒரு நிமிஷம் எனக்கு எந்த யோசனையும் வரவில்லை, என் தலைக்குள் அப்படி ஒரு அமைதி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பிறகு வலித்தது. பஞ்சு ஒட்டிய முழங்கைகூட. நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு முறையில்தான் கழற்றினேன், கை பழகிவிட்டது. அவன் கேபினெட்டை அசையாமல் பிடித்துக்கொண்டான். கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, தூக்கி, திருப்பினேன்.

பேஸ்ட் நான்கு மூலைக்கும் போயிருந்தது. மெலிசாக, ஒரே சீராக, ஒரு குமிழிகூட இல்லாமல், ஓரத்தில் வழியாமல். இவ்வளவு வருஷத்தில் நான் தூக்கிப் பார்த்த எத்தனையோ தடவைகளில் ஒன்றுகூட இப்படி வந்ததில்லை.

"நீ எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்க" என்றான் பூபதி.

அப்புறம் ஏன் என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரியல என்றான், முதல் தடவையாக அவனுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன், அவனும் அழுதான். கூலரை யாரும் கீழே வைக்கவில்லை, நான் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். துடைக்க மனம் வரவில்லை.